பெங்களூரில் தமிழ்ப் புத்தகக் கைமாற்று வட்டம்: தொடங்குவதும் தொடர்ந்து நடத்துவதும்

பெங்களூரில் தமிழ் வாசிக்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. அலுவலகத்தில் பக்கத்து இருக்கையில் ஒருவர் இருப்பார், குடியிருக்கும் அடுக்ககத்தில் மூன்று மாடி மேலே இன்னொருவர் இருப்பார். "இப்ப என்ன படிக்கிறீங்க?" என்று கேட்டுக்கொண்ட வேகத்தில் ஒரு வாட்ஸ்அப் குழு உருவாகிவிடும். முதல் வாரம் அட்டைப்படங்களாக வந்து குவியும். மூன்றாம் மாதம் பார்த்தால் காலை வணக்கப் படங்கள் மட்டும் வரும். யாரோ இரவல் கொடுத்த நாலு புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

இந்தக் குழுக்கள் படுத்துப்போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். பரிந்துரை ஏராளமாக வரும், புத்தகம் கைக்கு வராது. இந்த ஊரில் தமிழ்ப் புத்தகத்தை நினைத்த நேரத்தில் கடைக்குப் போய் வாங்கிவிட முடியாது. அதனால் இங்கே ஒரு விதி வேண்டும்: எதைப் பரிந்துரைக்கிறீர்களோ அதை அடுத்தவர் கையில் கொண்டுசேர்ப்பதும் உங்கள் பொறுப்பு. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த ஒரு விதியை நடைமுறைப்படுத்தத்தான்.

1. ஆள் சேர்ப்பது

ஆறு பேருக்குக் குறையாமல், ஒன்பது பேருக்கு மிகாமல் தொடங்குங்கள். ஆறுக்குக் கீழே போனால் இரண்டு பேர் ஊருக்குப் போன மாதம் கூட்டமே நடக்காது. ஒன்பதைத் தாண்டினால் ஒரே பிரதி எல்லோரையும் சுற்றிவர மூன்று மாதத்துக்கு மேல் ஆகும், அதற்குள் முதலில் படித்தவருக்குக் கதையே மறந்துவிடும்.

எங்கே தேடுவது? அலசூர் ஏரிக்கு அருகில் அண்ணாசாமி முதலியார் சாலையில் உள்ள பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் முதல் இடம். அங்கே நூலகம் இருக்கிறது, வருகிறவர்களும் வாசிக்கிறவர்கள். அடுத்தது, சனிக்கிழமை காலையில் கப்பன் பூங்காவில் மௌனமாக உட்கார்ந்து படிக்கக் கூடுகிற கூட்டம். 2023 தொடக்கத்திலிருந்து வாராவாரம் வருகிறார்கள். தமிழ்ப் புத்தகத்தின் அட்டை தெரிகிற மாதிரி அங்கே இரண்டு வாரம் உட்கார்ந்தால் யாராவது வந்து பேசுவார்கள்.

சேர்க்கும்போது ஒரு பொருத்தம் பாருங்கள். எல்லோரும் ஒரே ரசனையாக இருந்தால் இரண்டு மாதத்தில் பேச எதுவும் இருக்காது. வரலாற்று நாவல் மட்டும் படிக்கிறவர், சிறுகதைக்காரர், கட்டுரை தவிர வேறு எதையும் தொடாதவர் என்று கலந்திருக்கட்டும். இருவருக்காவது வீடு மெட்ரோ நிலையத்துக்கு அருகில் இருந்தால் கைமாற்று எளிதாகும்.

2. நாள் குறிப்பது

இங்கே பாதித் தோல்வி தேதியில்தான். நீண்ட வார விடுமுறை வந்தால் தமிழ்நாட்டுக்காரர்களில் பாதிப் பேர் வெள்ளி இரவே பேருந்து ஏறிவிடுவார்கள். "எப்ப எல்லாருக்கும் வசதி?" என்று மாதாமாதம் வாக்கெடுப்பு வைத்தால் அந்த நாள் வரவே வராது. மாதத்தின் மூன்றாவது ஞாயிறு என்று ஒரேயடியாக நிலைநிறுத்திவிடுங்கள். அது விடுமுறையை ஒட்டி வருகிற மாதத்தில் மட்டும் ஒரு வாரம் தள்ளலாம். ஜனவரியில் பொங்கல், அக்டோபர் நவம்பரில் ஆயுத பூஜையும் தீபாவளியும். இந்த மாதங்களின் தேதியை ஆண்டுத் தொடக்கத்திலேயே நாட்காட்டியைப் பார்த்துக் குறித்துவிடுங்கள்.

நேரம் காலை 10 முதல் 11.30 வரை. மாலை வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களிலும், ஆகஸ்டு முதல் அக்டோபர் வரையிலும் மாலையில்தான் மழை பிடிக்கும். மழை வந்தால் இந்த ஊரின் போக்குவரத்து எப்படி நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஞாயிறு காலை மெட்ரோ மற்ற நாட்களைவிடத் தாமதமாகத் தொடங்கும் என்பதால் 10 மணிக்கு முன்னால் வைக்காதீர்கள்.

3. இடம்

ஊரின் நடுவில், மெட்ரோவின் ஊதா வழித்தடத்தில் வைப்பது நல்லது. ஒயிட்ஃபீல்டு, கே.ஆர்.புரம், இந்திராநகர்க்காரர்கள் ஒரே வண்டியில் வந்துவிடுவார்கள். எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து வருகிறவர்களுக்கு 2025 ஆகஸ்டில் மஞ்சள் வழித்தடம் திறந்துவிட்டது. ஆர்.வி.ரோட்டில் பச்சைக்கு மாறி, மெஜஸ்டிக்கில் ஊதாவுக்கு மாறினால் கப்பன் பூங்கா, எம்.ஜி.ரோடு, அலசூர் எல்லாம் எட்டும். இரண்டு முறை வண்டி மாற வேண்டும் என்றாலும் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் நிற்பதைவிட மேல்.

கப்பன் பூங்கா: செலவில்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளே வாகனங்களும் கிடையாது. எட்டுப் பேர் மரத்தடியில் உட்கார்ந்து பேசுவதை யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் பதாகை கட்டுவது, ஒலிபெருக்கி வைப்பது, பொது அழைப்பு விடுத்துக் கூட்டம் சேர்ப்பது எதுவும் கூடாது. 2024 டிசம்பரில் இதே பூங்காவில் புத்தகம் மாற்றிக்கொள்ளப் பெருங்கூட்டம் கூடியபோது, அனுமதி வாங்கவில்லை என்று தோட்டக்கலைத் துறை 35,000 ரூபாய் அபராதம் விதித்தது. இருபது பேருக்கு மேல் வருவார்கள் என்றால் முன்கூட்டியே துறையிடம் எழுதிக் கேளுங்கள்.

அடுக்ககத்தின் கிளப்ஹவுஸ்: மழைக்காலத்துக்கு இதுதான். குடியிருப்பவர் பெயரில் முன்பதிவு செய்ய வேண்டும். சில இடங்களில் இலவசம், சில இடங்களில் மணிக்கணக்கில் கட்டணம். வருகிறவர்களின் பெயரையும் வண்டி எண்ணையும் முதல் நாள் இரவே வாசல் காவல் செயலியில் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொருவருக்கும் வாசலிலிருந்து அழைப்பு வரும், பேச்சு நின்று நின்று போகும்.

உணவகம்: தர்ஷினி வேண்டாம், பாதிக்கு மேல் நின்றுகொண்டே சாப்பிடுகிற இடங்கள் அவை. காப்பிக் கடை என்றால் தலைக்கு 150 முதல் 250 ரூபாய் வரை ஆகும், ஞாயிறு 11 மணிக்கு மேல் இருக்கைக்காக நிற்கிறவர்கள் நம்மைப் பார்த்தபடியே இருப்பார்கள். ஓராண்டுக்கு இந்தச் செலவைக் கூட்டிப் பார்த்தால் ஆளுக்கு ஐந்தாறு புத்தகம் வாங்கிவிடலாம்.

4. புத்தகம் வாங்குவது

இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள், பணமும் நேரமும் அதிகம் வீணாவது இங்கேதான்.

சர்ச் ஸ்ட்ரீட்டின் பெரிய கடைகளில் ஆங்கிலப் புத்தகங்கள் மலைபோல இருக்கும். தமிழ் கிடைத்தால் அது அதிர்ஷ்டம். அவென்யூ ரோட்டில் பழைய பாடப்புத்தகங்கள்தான் மிகுதி. ஆகவே சென்னை, கோவை, நாகர்கோவில், பொள்ளாச்சிப் பதிப்பகங்களிடமிருந்தோ, பனுவல், காமன்ஃபோக்ஸ், டிஸ்கவரி புக் பேலஸ் போன்ற விற்பனையாளர்களிடமிருந்தோ வரவழைப்பதே வழக்கமான வழி.

விலைக் கணக்கு ஏறக்குறைய இப்படி: பக்கத்துக்கு ஒரு ரூபாய் முதல் 1.30 வரை. 250 பக்க நாவல் 250 முதல் 325 ரூபாய்க்கு வரும். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை. பில்லில் அந்தப் பெயரில் எதையாவது சேர்த்திருந்தால் அது எதற்கு என்று கேளுங்கள். கூரியர் கட்டணம் எடையைப் பொறுத்தது. ஒற்றைப் புத்தகத்துக்கு 50, 60 ரூபாய் தருவதும், எட்டுப் புத்தகத்தைச் சேர்த்து வாங்கி அதே பணத்தைப் பங்கிடுவதும் ஒன்றல்ல. பல கடைகள் குறிப்பிட்ட தொகைக்கு மேல் கூரியர் கட்டணம் வாங்குவதில்லை. மாதத்துக்கு ஒரே ஒரு ஆர்டர், ஒரே முகவரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பணம்: ஆளுக்கு மாதம் 200 ரூபாய், ஒருவருடைய யுபிஐ கணக்குக்கு. எட்டுப் பேர் என்றால் 1,600. ஒரு 300 பக்க நாவலில் மூன்று பிரதி ஆயிரத்துச் சொச்சம், கூரியர், மேலுறை போக மீதம் இருக்கும். மூன்று பிரதி ஏன்? பத்து நாளுக்கு ஒருமுறை கைமாறினால் முப்பது நாளில் மூன்று பிரதி ஒன்பது பேரைச் சுற்றிவிடும். இந்தக் கணக்கு இல்லாமல் ஒரே பிரதி வாங்கினால் ஆறாவது ஆள் படிப்பதற்குள் இரண்டு மாதம் ஓடிவிடும்.

வாங்கும்போது சிக்கவைப்பவை:

டிசம்பர் கடைசியும் ஜனவரியும். சென்னைப் புத்தகக் காட்சிக்காகப் பதிப்பகங்கள் எல்லாம் அரங்கில் நிற்கும். இணைய ஆர்டர்கள் இரண்டு மூன்று வாரம் தாமதமாகலாம். ஜனவரி, பிப்ரவரிக் கூட்டங்களுக்கான புத்தகத்தை நவம்பரிலேயே வாங்கிவிடுங்கள். அதே நேரம், பொங்கலுக்குச் சென்னை போகிறவர் யாராவது இருந்தால் பட்டியலைக் கொடுத்துவிடுங்கள், காட்சியில் 10 சதவீதத் தள்ளுபடி உண்டு. தமிழ்நாட்டின் மாவட்டங்களில் அரசே புத்தகத் திருவிழா நடத்துகிறது. ஓசூர், சேலம், தருமபுரிப் பக்கம் சொந்த ஊர்க்காரர் இருந்தால் திருவிழாத் தேதியை அவரிடம் விசாரித்து வையுங்கள். டிசம்பரை ஒட்டிப் பெங்களூரிலேயே தமிழ்ப் புத்தகத் திருவிழா நடந்துவருகிறது, இடத்தைத் தமிழ்ச் சங்கத்தில் கேட்டால் சொல்வார்கள்.

பதிப்புக் குழப்பம். நாட்டுடைமையான எழுத்தாளர்களின் நூல்களை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அதனால் ஒரே தலைப்பில் பத்துப் பதிப்பு கிடைக்கும், விலை குறைந்ததில் பத்தி விட்டுப்போயிருக்கும், எழுத்துப்பிழை மலிந்திருக்கும். மாணவர்களுக்கான சுருக்கப் பதிப்பும் அதே அட்டை மாதிரியே இருக்கும். பதிப்பாசிரியர் பெயரும், மூலம் எந்தப் பதிப்பை ஒட்டியது என்ற குறிப்பும் உள்ளதா என்று பாருங்கள். மூன்று பிரதியும் ஒரே பதிப்பாக இருக்கட்டும். இல்லையென்றால் "பக்கம் 112-ல பாருங்க" என்றதும் ஆளுக்கொரு பக்கம் திறந்துகொண்டிருப்பார்கள்.

ஃபார்ம் பிழை. புத்தகம் பெரும்பாலும் 16 பக்கம் கொண்ட ஃபார்ம்களாக அச்சாகிக் கட்டப்படும். அதில் ஒன்று விட்டுப்போனால் பதினாறு பக்கம் இருக்காது, இரண்டு முறை சேர்ந்துவிட்டால் கதை திரும்ப ஓடும். பொட்டலம் பிரித்த அன்றைக்கே கட்டைவிரலால் பக்க எண்ணை மட்டும் புரட்டிப் பாருங்கள், ஒரு புத்தகத்துக்கு இரண்டு நிமிடம். குறை இருந்தால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து உடனே விற்றவருக்கு அனுப்புங்கள், மாற்றித் தருவார்கள். மூன்றாவது வாசகர் கண்டுபிடித்துச் சொல்லும்போது மாதம் கடந்திருக்கும், கேட்பதற்கும் தயக்கமாக இருக்கும்.

மின்னூல். வாங்கியவர் கணக்கோடு அது நின்றுவிடும். ஒருவர் மின்னூலில் படிக்கலாம், ஆனால் அதைக் கைமாற்று வரிசையில் எண்ணிக்கொள்ளக் கூடாது.

பி.டி.எஃப். "ஸ்கேன் இருக்கு, போடவா?" என்று யாராவது கேட்பார்கள். வேண்டாம் என்று முதல் நாளே குழுவின் விளக்கக் குறிப்பில் எழுதிவையுங்கள். பதிப்புரிமைச் சட்டம் 1957-ன்படி எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டு வரை உரிமை இருக்கிறது. சில நூறு பிரதிகள் விற்றாலே பெரிது என்று இயங்குகிற பதிப்பகத்தின் புத்தகத்தை எட்டுப் பேர் இலவசமாக எடுத்துக்கொண்டால் அந்த எழுத்தாளரின் அடுத்த புத்தகம் வருவதே சந்தேகம். உரிமைச் சிக்கல் இல்லாத எழுத்து வேண்டுமென்றால் மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இருக்கின்றன. 1948-ல் மறைந்த புதுமைப்பித்தன், 1954-ல் மறைந்த கல்கி போன்றவர்களின் எழுத்துகளைத் தாராளமாகப் பகிரலாம்.

5. புத்தகத்தைத் தயார் செய்வது

பிளாஸ்டிக் மேலுறை போடுங்கள், ஒன்றுக்குப் பத்து இருபது ரூபாய்க்குள் முடியும். பழுப்புக் காகிதம் வேண்டாம், அட்டை தெரிந்தால்தான் அடுத்தவருக்கு எடுக்கத் தோன்றும். முதுகுப் பகுதி பிரிந்தால் செல்லோ டேப் ஒட்டாதீர்கள். ஆறு மாதத்தில் மஞ்சளாகி, எடுக்கும்போது அட்டையையும் உரித்துக்கொண்டு வரும். பைண்டிங் பசை தடவி, ரப்பர் பட்டை போட்டு ஓரிரவு பாரம் வைத்தால் போதும்.

உள் அட்டையில் பென்சிலால் மூன்று விவரம்: வரிசை எண், யாருடையது, வாங்கிய மாதம். பின்னால் ஒரு வெள்ளைத் தாளைச் செருகி வையுங்கள். படித்தவர்கள் அதில் பக்க எண்ணோடு ஒரு வரி எழுதலாம். அடிக்கோடு போடுவதற்குச் சொந்தக்காரர் சம்மதம் வேண்டும். சிலர் பொருட்படுத்த மாட்டார்கள், சிலருக்கு அது தாங்கவே முடியாது.

6. இரவல் பதிவேடு

கூகுள் ஷீட் ஒன்று போதும். ஏழு நெடுவரிசைகள்: எண், தலைப்பு, சொந்தக்காரர், இப்போது யாரிடம், இரவல் வாங்கிய தேதி, திருப்ப வேண்டிய தேதி, அடுத்து யார். திருத்தும் அனுமதி இரண்டு பேரிடம் மட்டும் இருக்கட்டும். எல்லோருக்கும் கொடுத்தால் கைபேசியில் விரல் பட்டு யாராவது ஒரு வரியை அழித்துவிடுவார்கள்.

கைமாறும்போது இருவரும் புத்தகத்தோடு ஒரு படம் எடுத்துக் குழுவில் போட வேண்டும். அதைப் பார்த்துப் பதிவேட்டுக்காரர் வரியை மாற்றுவார். "குடுத்துட்டேன்", "வாங்கிக்கல" என்ற மனவருத்தம் இதனால் வராது.

நினைவூட்டுவதைப் பதிவேட்டுக்காரரே செய்யட்டும், புத்தகச் சொந்தக்காரர் கேட்டால் அது கடன் கேட்பது மாதிரி ஆகிவிடும். தேதிக்கு மூன்று நாள் முன்னால், தனிச் செய்தியில்:

"அக்கா, 14-ஆம் நம்பர் புத்தகம் ஞாயித்துக்கிழமையோட முடியுது. முடிச்சிட்டீங்கன்னா கூட்டத்துக்கு எடுத்துட்டு வந்துருங்க. இன்னும் வேணும்னா அஞ்சு நாள் தள்ளிப் போடறேன், சொல்லுங்க."

ஒரு முறை ஐந்து நாள் நீட்டிக்கலாம். அதற்கு மேல், படிக்காவிட்டாலும் புத்தகம் நகர வேண்டும். தொலைந்தால் புதிய பிரதி வாங்கித் தர வேண்டும். அச்சில் இல்லாத புத்தகங்களை இந்தச் சுற்றிலேயே விடாதீர்கள், அவற்றை வீட்டுக்கு வந்து படிக்கச் சொல்லுங்கள்.

கூட்டத்துக்கு இடையில் கைமாற்ற, மெட்ரோ நிலைய வாசல்தான் செலவில்லாத இடம். இரு சக்கர வண்டிப் பார்சல் சேவையில் ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு அனுப்பினால் 100 ரூபாயைத் தாண்டிவிடும். அதற்குப் பழைய புத்தகமே வாங்கலாம். காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போவதென்றால் பெயரோடு பிளாக் எழுத்தும் வீட்டு எண்ணும் உறைமேல் எழுதுங்கள்.

7. பரிந்துரை எழுதுவது

"சூப்பர் புக், கண்டிப்பா படிங்க" என்பதால் யாருக்கும் பயனில்லை. படிக்கப்போகிறவர் மாதத்தில் பத்து மணி நேரத்தைத் தரப்போகிறார். நீண்ட இடைவெளிக்குப் பிறகு தமிழ் படிக்கிறவர் மணிக்கு 25 பக்கம் படித்தால் 250 பக்கத்துக்குப் பத்து மணி நேரம், அதாவது தினம் இருபது நிமிடம் வீதம் ஒரு மாதம். அந்த மாதத்தை எதில் செலவிடுவது என்று அவர் முடிவெடுக்க உதவுகிற விவரம்தான் பரிந்துரையில் இருக்க வேண்டும்.

ஆறு விவரம் சொல்லுங்கள்: பக்கம், எந்த வட்டார மொழி, எங்கே மெதுவாகப் போகும், மனத்தைக் கலங்கவைக்கும் பகுதி உண்டா, யாருக்குப் பிடிக்கும், யாருக்குப் பிடிக்காது. கடைசிதான் முக்கியம், அதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

எப்படி இருக்கலாம் என்பதற்கு ஒரு மாதிரி:

"நாவல், 280 பக்கம். கரிசல் பேச்சு, கம்மாய், வெஞ்சனம், வெள்ளாமை எல்லாம் வரும், பின்னால் சொல் விளக்கம் இல்லை. முதல் 40 பக்கம் ஆட்களை அறிமுகம் செய்வதிலேயே போகிறது, பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டால் குழப்பமில்லை. மூன்றாம் பகுதியில் ஒரு குழந்தை இறக்கிறது. கதையைவிட மனிதர்கள் பேசிக்கொள்வதை ரசிக்கிறவர்களுக்குப் பிடிக்கும். அடுத்து என்ன என்ற பரபரப்பு வேண்டுமென்றால் இது வேண்டாம். புத்தகம் என்னிடம் இருக்கிறது, ஞாயிறு கொண்டுவருகிறேன்."

கடைசி வாக்கியம் இல்லாத பரிந்துரையைப் பதிவேட்டில் ஏற்றக் கூடாது. கையில் இல்லை என்றால் வாங்குவதற்கான வரிசையில் போய் நிற்கும், அவ்வளவுதான்.

வட்டார மொழி பற்றி முன்கூட்டிச் சொல்வது பெங்களூரில் மிகவும் தேவை. மர்ஃபி டவுன், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் பக்கம் தலைமுறைகளாக வாழும் தமிழர்களின் பேச்சு வேறு. நாஞ்சில் பேச்சையோ ஈழத்துப் பேச்சையோ முதல்முறை அச்சில் பார்க்கிறவர் தனக்குத்தான் தமிழ் தெரியவில்லை என்று நினைத்துப் புத்தகத்தை மூடிவிடுவார். "இருபது பக்கம் வாய்விட்டுப் படிங்க, காது பழகிடும்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் அவர் தொடர்வார்.

ஒருவருக்கு மாதம் இரண்டு பரிந்துரை, அதற்கு மேல் இல்லை. பத்துத் தலைப்பை அடுக்கினால் ஒன்றைக்கூட யாரும் எடுப்பதில்லை.

8. முதல் மூன்று மாதத்துக்கான புத்தகம்

முதல் மாதம் சிறுகதைத் தொகுப்பு. அதிலும் மூன்று கதையை மட்டும் எல்லோரும் படிப்பது, மீதி விருப்பம். இரண்டாவது மாதம் அவரவர் கொண்டுவந்த புத்தகத்தை மாற்றிக்கொள்வது. மூன்றாவது மாதம் 250 பக்கத்துக்கு மிகாத நாவல். ஆயிரம் பக்க நாவலோடு தொடங்கும் ஆசை எல்லாக் குழுவிலும் ஒருவருக்கு இருக்கும், அவரை ஓராண்டு பொறுக்கச் சொல்லுங்கள். அதன்பின் மூன்று மாதத்துக்குப் பிரித்து வைத்துக்கொண்டால் அதுவும் நடக்கும்.

9. கூடும் நாளில் பேச்சு

முதல் சுற்று: ஆளுக்கு மூன்று நிமிடம், குறுக்கிடக் கூடாது. எட்டுப் பேருக்கு 24 நிமிடம். பிடிக்காதவரை முதலில் பேச விடுங்கள். பிடித்தவர்கள் நாலு பேர் பேசிய பிறகு பிடிக்காதவர் வாயைத் திறக்க மாட்டார், மறுமாதம் வரவும் மாட்டார்.

"பிடிச்சுதா?" என்று கேட்காதீர்கள். "எந்த இடத்துல புத்தகத்தைக் கீழ வச்சீங்க?" என்று கேளுங்கள். இதற்கு எல்லோரிடமும் பதில் இருக்கும், பாதியில் விட்டவரிடமும் இருக்கும். ஒருவர் 60-ஆம் பக்கத்தில் நிறுத்திய இடத்தில் இன்னொருவர் தூக்கத்தைத் தள்ளிப்போட்டிருப்பார். ஏன் என்று இருவரும் அந்தப் பத்தியைத் திறந்து வைத்துக்கொண்டு பேசும்போதுதான் அன்றைய கூட்டத்தின் நல்ல பேச்சு பிறக்கும்.

இரண்டாம் சுற்று: ஆளுக்கு ஒரு பத்தி வாய்விட்டுப் படிப்பது. பக்கம் மடித்தோ சீட்டு வைத்தோ கொண்டுவரச் சொல்லுங்கள். கடைசிப் பதினைந்து நிமிடம் கைமாற்றுக்கும் பதிவேட்டுக்கும். இதைப் பேச்சுக்குப் பின் நேரமிருந்தால் பார்க்கலாம் என்று விட்டால் எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள்.

படித்து முடிக்காதவர் வரலாம். 50 பக்கம் படித்தும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம், குற்றமில்லை. ஆனால் முடிவு தெரிந்துவிட்டது என்று வருத்தப்பட உரிமை கிடையாது. வாட்ஸ்அப்பில் எழுதும்போது மட்டும், முடிவைச் சொல்லும் செய்தியின் முதல் வரியில் "கதை தெரிந்துவிடும்" என்று போடுங்கள்.

அரசியல் பேச்சு வரத்தான் செய்யும், புத்தகத்தில் இருக்கிற அளவுக்கு வரட்டும். எழுத்தாளரின் பேட்டி, சண்டை, விருதுச் சர்ச்சை எல்லாம் தொடங்கினால் அன்றைக்குப் புத்தகம் மூடியே இருக்கும். நெறிப்படுத்துகிறவர் "அண்ணே, அது எந்தப் பக்கத்துல வருது?" என்று கேட்டுத் திருப்பிவிடலாம்.

10. தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது என்பவர்கள்

கன்னட, ஆங்கிலப் பள்ளியில் படித்த பெங்களூர்த் தமிழர்களில் இப்படி நிறையப் பேர். அவர்களை விட்டுவிடாதீர்கள். பத்துப் பக்கச் சிறுகதையை நிதானமாக வாய்விட்டுப் படிக்க 20 முதல் 25 நிமிடம்தான் ஆகும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூட்டத்திலேயே ஒரு கதையைப் படித்து, அதையே பேசலாம். கேட்டுப் பேசுகிறவர்கள் பல நேரம் உரையாடலின் ஓசையைக் கூர்மையாகப் பிடிப்பார்கள்.

கன்னடம் படிக்கத் தெரிந்தவர்களுக்கு, தமிழிலிருந்து கன்னடத்துக்குப் போன மொழிபெயர்ப்புகளைத் தேடிக் கொடுங்கள். சாகித்ய அகாதெமியின் பெங்களூர் அலுவலகம் அம்பேத்கர் வீதியில் சென்ட்ரல் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது, சர் எம். விஸ்வேஸ்வரய்யா மெட்ரோ நிலையம் பக்கம். வார நாளில் போய் அங்கே விசாரியுங்கள். ஒரே நாவலை இருவர் இரு மொழியில் படித்துவிட்டு வந்து பேசும் கூட்டம் தனிச் சுவை. கன்னடத்திலிருந்து தமிழுக்கு வந்தவற்றையும் அதே போலச் செய்யலாம், இந்த ஊரில் இருந்துகொண்டு அதைச் செய்யாமல் விடுவது பெரிய இழப்பு.

11. நூலக உறுப்பினர் ஆவது

குழுவில் இருவராவது நூலக உறுப்பினராக இருந்தால் வாங்கும் செலவு குறையும். தமிழ்ச் சங்க நூலகம், கப்பன் பூங்காவில் சிவப்புக் கட்டடத்தில் இயங்கும் மாநில மத்திய நூலகம் இரண்டையும் விசாரியுங்கள். போகும்போது கையில் இருக்க வேண்டியவை: ஆதார் நகல், பாஸ்போர்ட் அளவுப் படம் இரண்டு, பெங்களூர் முகவரிச் சான்று, வைப்புத்தொகைக்குக் கொஞ்சம் ரொக்கம்.

சிக்கல் முகவரிச் சான்றில் வரும். ஆதாரில் திருநெல்வேலி முகவரி இருக்கும், மின் கட்டண ரசீது வீட்டு உரிமையாளர் பெயரில் இருக்கும். முத்திரைத்தாளில் போட்ட வாடகை ஒப்பந்தத்தின் நகலையும் அசலையும் எடுத்துப் போங்கள். ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதத்துக்குத்தான் இருக்கும். காலாவதியானதைக் கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டிய வைப்புத்தொகைக்கான ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், விலகும்போது அது இல்லாமல் பணம் வராது. நூலகப் புத்தகத்தைக் குழுச் சுற்றில் விடாதீர்கள். தாமதக் கட்டணமும் பொறுப்பும் கையெழுத்துப் போட்டவர் தலையில்தான் விழும்.

12. ஊர் மாறுகிறவர்கள்

வேலை மாற்றம் இந்த ஊரின் இயல்பு. பொதுப்பணத்தில் வாங்கிய புத்தகம் யாருக்கு என்று முதல் கூட்டத்திலேயே முடிவு செய்யுங்கள். எளிய வழி: ஆண்டுக் கடைசியில் குலுக்கல் போட்டு ஆளுக்குச் சமமாகப் பிரித்துக்கொள்வது. இடையில் போகிறவருக்கு அவர் கட்டிய மாதங்களுக்கு ஏற்பப் புத்தகம்.

போகிறவர் பெட்டி கட்டும் ஆட்கள் வருவதற்குப் பத்து நாள் முன்னால் குழுவுக்குச் சொல்ல வேண்டும். பெட்டிக்குள் போய்விட்டால் அந்தப் புத்தகம் புனேயிலோ ஹைதராபாதிலோ ஆறு மாதம் கழித்துத்தான் வெளியே வரும். அப்படிப் போய்விட்டதைத் திருப்பி அனுப்ப, அஞ்சல் துறை 2025 மே 1-ல் தொடங்கிய ஞான் போஸ்ட் இருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. தரை வழியில் போவதால் மெதுவாகத்தான் சேரும், ஆனால் எங்கே இருக்கிறது என்று பின்தொடர்ந்து பார்க்கலாம். புத்தகத்தில் பதிப்பகம் அல்லது அச்சகத்தின் பெயர் அச்சாகியிருக்க வேண்டும். பருவ இதழ்களையும் விளம்பர வெளியீடுகளையும் இதில் ஏற்க மாட்டார்கள். கவுன்ட்டரில் "ஞான் போஸ்ட்" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள், வெறுமனே புத்தகப் பார்சல் என்றால் ஸ்பீடு போஸ்டில் போட்டுவிடக்கூடும். கட்டணத்தைப் பொதுப்பணத்திலிருந்து கொடுத்துவிட்டு, ரசீதின் படத்தைப் பதிவேட்டில் அந்தப் புத்தகத்தின் வரியிலேயே இணைத்துவிடுங்கள்.